ஒரே போதை, இரு நீதி

பல்கலைக் கழக நகரம் ஒன்றின் தெருமுனையிலே, இரவு வேளையில் நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். மதுக்கடையின் கதவு திறக்கிறது. இருவர் வெளியே வருகின்றனர். ஒருவன் இளைஞன், விரலிலே கல்லூரி மோதிரம், பையிலே தந்தை அனுப்பிய பணம். மற்றவன் நடுவயதைக் கடந்தவன். கையிலே காலணி துடைக்கும் துணி, பையிலே ஏதுமில்லை. இருவர் கால்களும் பின்னுகின்றன. இருவர் நாவும் குழறுகிறது. இருவர் மூச்சிலும் ஒரே நாற்றம். எதிரே காவலர் வருகிறார். சட்டப் புத்தகத்திலே இருவருக்கும் உள்ள விதி ஒன்றே. ஆனால் பொழுது விடியும்போது ஒருவன் தன் விடுதி அறையில், மெத்தையில் விழிக்கிறான். மற்றவன் காவல் கொட்டடியின் தரையில் விழிக்கிறான்.

இடையிலே மாறியது என்ன? சட்டம் மாறவில்லை. போதையின் அளவு மாறவில்லை. மாறியது காவலரின் பார்வை!

கற்பனைக் காட்சிதான்; கதைக்காகத் தீட்டியதுதான். ஆனால் இந்தக் காட்சிக்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது. பிடிக்கலாம், விடலாம், எச்சரிக்கலாம், நண்பரிடம் ஒப்படைக்கலாம் - இந்த நான்கில் எதைச் செய்வது என்று முடிவு செய்யக் காவலருக்குள்ள அதிகாரத்தைச் சட்டம் பயின்றோர் ‘விருப்புரிமை’ என்கின்றனர். அழகான சொல். ஆனால் அந்தச் சொல்லிலே முதலில் நிற்பது விருப்பு. விருப்பு இருக்குமிடத்தில் வெறுப்பும் இருக்கும் என்பதை வள்ளுவர் வழிவந்தோர்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குடியைப் போற்ற நான் வரவில்லை. குடும்பத்தைக் குலைப்பது குடி. கூலியைக் கரைப்பது குடி. அதிலே கருத்து வேற்றுமை இல்லை. நான் கேட்பது வேறு கேள்வி: குடித்தவர்களில் எவன் குற்றவாளி ஆகிறான்? அவனைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

மாணவர் குடித்தனர், நகரம் கட்டியது

கல்லூரி நகரத்துக்கும் மதுக்கடைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகருக்குச் செல்வோம். ஆண்டு 1355, பிப்ரவரி 10ஆம் நாள். ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடையில் பல்கலைக் கழக மாணவர் சிலர் குடித்துக் கொண்டிருந்தனர். மது தரமாயில்லை என்றனர். கடைக்காரர் மறுத்தார். சொல் தடித்தது. மாணவர் கையிலிருந்த மதுக்கலம் கடைக்காரரின் தலையைப் பதம் பார்த்தது. அவ்வளவுதான்! நகரத்தாரின் மணி ஒரு கோயிலில் ஒலித்தது. மாணவரின் மணி மற்றொரு கோயிலில் ஒலித்தது. வில்லும் அம்பும் வெளியே வந்தன. சிற்றூர்களிலிருந்தும் ஆட்கள் திரண்டு வந்தனர். கலகம் ஓய்ந்தபோது பல்கலைக் கழகத்தார் 63 பேரும், நகரத்தார் ஏறத்தாழ 30 பேரும் மாண்டு கிடந்தனர் என்று வரலாறு கூறுகிறது.

நகரத்தார் செய்த கொலைகள் கொடியவை, மறைப்பதற்கில்லை. ஆனால் அரசு வழங்கிய தீர்ப்பைப் பாருங்கள். பல்கலைக் கழகத்தின் உரிமைகள் வளர்ந்தன. நகரச் சந்தையில் விற்கும் ரொட்டி, மது ஆகியவற்றின் விலையையும் தரத்தையும் மேற்பார்க்கும் அதிகாரம் பல்கலைக் கழகத்தின் கைக்குப் போயிற்று. நகரத் தலைவரும் நகரப் பெருமக்களும் ஆண்டுதோறும் அதே நாளில் தேவாலயத்துக்கு வந்து, தலைக்கு ஒரு பென்னியாக 63 பென்னி காணிக்கை கட்ட வேண்டும்! கலகம் கண்ட தலைமுறை மறைந்தது. அதன் பேரப்பிள்ளைகளும் மறைந்தனர். காணிக்கை மட்டும் மறையவில்லை. 1825ஆம் ஆண்டில்தான் அந்தச் சடங்கு நின்றது. கலகத்தின் 600ஆம் ஆண்டான 1955இல் நகரமும் பல்கலைக் கழகமும் முறைப்படி கைகுலுக்கிச் சமாதானம் செய்து கொண்டன.

மதுக்கலத்தை வீசியது மாணவர் கை. காணிக்கை கட்டியது கடைத்தெரு. ஏடு படிப்பவனின் வெறி ‘இளமைத் துடிப்பு’. ஏர் பிடிப்பவனின் வெறி ‘குற்றம்’ - இந்த இரட்டை அளவுகோல் அன்றே உருவாகிவிட்டது.

ஐந்து ஷில்லிங்கா, ஆறு மணி நேரமா?

இங்கிலாந்திலே வெறும் குடிமயக்கம் நெடுங்காலம் தேவாலய மன்றங்கள் கண்டிக்கும் பாவமாகவே இருந்தது. அதை நாட்டுச் சட்டப்படி குற்றமாக்கியது முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1606இல் வந்த சட்டம். குடிமயக்கத்தில் இருந்ததாகத் தீர்ப்பான ஒவ்வொருவரும் ஐந்து ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும். கட்ட இயலாதவன் ஆறு மணி நேரம் தொழுமரத்தில் கால் மாட்டிக் கிடக்க வேண்டும்.

இந்த விதியை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். ஐந்து ஷில்லிங் என்பது அன்றைய உழைப்பாளிக்குப் பல நாள் கூலி. சீமானுக்கோ ஒரு வேளைச் செலவு. ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை. பணம் உள்ளவனுக்குப் பணத்தால் தண்டனை. பணம் இல்லாதவனுக்கு உடலால் தண்டனை, அதுவும் ஊரார் கண்முன்னே! தொழுமரத்தில் பூட்டப்பட்டது குடியன் மட்டுமா? ஏழ்மையும் அல்லவா அங்கே பூட்டப்பட்டது!

இந்தச் சட்ட மரபு கப்பலேறிற்று. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அதைத் தம்முடன் கொண்டு சென்றனர். தொழுமரம் மறைந்தது; சிறைக் கொட்டடி வந்தது. மரம் இரும்பாயிற்று, முறை மாறவில்லை.

குன்றின்மேல் கோட்டை, தெருவோரம் மனிதன்

டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் ஆஸ்டின். குன்றின்மேல் 1888இல் கட்டி முடித்த சட்டமன்ற மாளிகை. அதற்கு வடக்கே சற்றுத் தொலைவில் 1883இல் திறக்கப்பட்ட டெக்சாஸ் பல்கலைக் கழகம். சட்டம் இயற்றுவோர் ஒருபுறம். சட்டம் கற்போர் மறுபுறம். இடையிலும் சுற்றிலும் மதுக்கடைகள், உணவு விடுதிகள், இசைக் கூடங்கள். சட்டத்துக்கு இத்தனை அருகிலே வாழ்ந்த ஒரு மனிதனைத்தான் அச்சட்டம் அடுத்தடுத்துத் தூக்கிச் சென்றது.

அவன் பெயர் லீராய் பவல். மதுக்கடை ஒன்றில் வருவோரின் காலணிகளைத் துடைத்து மெருகிடுவது அவன் தொழில். வாரத்துக்கு ஏறத்தாழ 12 டாலர் வருவாய். அது மதுவுக்கே சரியாய்ப் போயிற்று. குடும்பம் உண்டு, குடும்பத்துக்கு அவன் கொடுத்தது இல்லை. குடித்து மயங்கினால் நடைபாதையிலே உறங்கிவிடுவான். 1949 முதல் அவன்மீது பொது இடக் குடிமயக்கத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனைகள் ஏறத்தாழ 100! நூறு முறை பிடித்து, நூறு முறை தண்டித்து, நூறு முறை விடுவித்த பிறகும் அவன் அதே நடைபாதையிலே கிடந்தான் என்றால், தோற்றவன் அவன் மட்டுமா? தண்டனையும் அல்லவா தோற்றது!

1966 டிசம்பர் இறுதியில் மீண்டும் பிடித்தனர். நகர மன்றம் 20 டாலர் தண்டம் விதித்தது. ஆனால் இம்முறை ஒரு புதுமை நிகழ்ந்தது. வழக்கறிஞர் ஒருவர் அவனுக்காக எழுந்து நின்றார். “இவன் குற்றவாளி அல்லன், நோயாளி. நோயைத் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரண்” என்பது அவர் வாதத்தின் சாரம். மேல் விசாரணையில் மாவட்ட மன்றம் தண்டத்தைக் குறைக்கவில்லை. 50 டாலராக உயர்த்தியது. அவனுடைய நான்கு வார வருவாய்க்கும் மேற்பட்ட தொகை!

தண்டம் கட்ட இயலாதவன் கதி என்ன? டெக்சாஸில் நாளொன்றுக்கு 5 டாலர் கணக்கில் சிறையிலே கழிக்க வேண்டும் என்ற முறை இருந்ததை, சில ஆண்டுகளில் டேட் என்பவரின் வழக்கு உலகுக்குக் காட்டிற்று. போக்குவரத்துத் தண்டமான 425 டாலரைக் கட்ட முடியாத அந்த ஏழைக்கு 85 நாள் சிறை! வறுமையைக் காரணமாக்கித் தண்டத்தைச் சிறையாக மாற்றக் கூடாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பவலின் வழக்கு நடந்தபோது அந்தத் தீர்ப்பு பிறக்கவில்லை. 1606இன் தொழுமரம் 1966இலும் நின்று கொண்டுதான் இருந்தது.

ஒரு மிடறு

அந்த விசாரணையிலே ஒரு சிறு காட்சி. சிறியது, ஆனால் நெஞ்சை விட்டு நீங்காதது. மனநல மருத்துவர் ஒருவர் சாட்சி சொன்னார்: இவன் நாட்பட்ட குடிநோயாளி, குடிக்கத் தொடங்கிய பிறகு நிறுத்தும் ஆற்றல் இவனிடம் இல்லை. பிறகு பவல் கூண்டேறினான். அரசு வழக்கறிஞர் மடக்கினார். இன்று காலை குடித்தாயா? எட்டு மணிக்கு ஒரே ஒரு மிடறு குடித்தேன் என்றான். வழக்குக்கு வரவேண்டுமே என்று ஒன்றோடு நிறுத்தியதாகவும் சொன்னான். அப்படியானால் உன்னால் நிறுத்த முடிகிறது அல்லவா? - இதுதான் கேள்வியின் முனை. நிறுத்த முடிந்தவன் நோயாளி ஆவானா?

அவனுடைய வழக்கறிஞர் மறுபடி எழுந்தார். ஒன்றோடு நின்றதற்குக் காரணம், மேலும் வாங்கக் கையில் காசில்லை என்பதுதானே என்று கேட்டார். அதற்கு அவன் தந்த விடை: அந்த ஒன்றும் பிறர் கொடுத்தது!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். இல்லாமையால் நின்ற கையை, இச்சையால் நின்ற கை என்று கணக்கெழுதியது மன்றம். வறுமை அவனைக் குடியில் தள்ளியதா என்று ஆராய எவருக்கும் நேரமில்லை. வறுமை அவனை ஒரு மிடறோடு நிறுத்தியபோது மட்டும், அது அவனுக்கு எதிரான சான்றாகிவிட்டது!

இரு முறை வந்த மார்ஷல்

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது. காற்றும் சாதகமாய் வீசுவது போலத் தோன்றிற்று. போதைப் பொருளுக்கு அடிமையாயிருக்கும் நிலையையே குற்றமாக்குவது கொடுமை என்று, ராபின்சன் வழக்கில் 1962இல் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. வட கரோலினாவிலே 59 வயதுடைய டிரைவர் என்பவரின் வழக்கு 1966இல் வந்தது. 24 வயதில் முதல் தண்டனை. மொத்தம் 200க்கு மேல். வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிறையிலே! குடிநோயின் விளைவாகப் பொது இடத்தில் மயங்கிக் கிடப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மேல்முறையீட்டு மன்றம் அவரை விடுவித்தது. குடியரசுத் தலைவர் அமைத்த குற்ற ஆய்வு ஆணையம் 1967இல் ஒரு கணக்கை வெளியிட்டது: 1965இல் அமெரிக்காவில் குடிமயக்கத்துக்காக நடந்த கைதுகள் 20 லட்சம், அதாவது நாட்டில் நடந்த கைதுகளில் மூன்றில் ஒன்று! கொலையும் கொள்ளையும் தேட வேண்டிய கைகள், நடைபாதையில் உறங்குவோரைத் தூக்கிக் கொண்டிருந்தன.

தீர்ப்பின் முதன்மை உரையை எழுதியவர் தர்குட் மார்ஷல். 1967இல் பதவியேற்ற முதல் கறுப்பின உச்ச நீதிபதி. இவருக்கு ஆஸ்டின் புதிய ஊரல்ல. 1946இல் ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர் டெக்சாஸ் பல்கலைக் கழகச் சட்டப் பள்ளியில் இடம் கேட்டார். தோலின் நிறத்தைக் காட்டி மறுத்தனர். நீதிமன்றத்தின் வாயை அடைக்க, சட்டமன்ற மாளிகையின் அருகே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கறுப்பர்க்கென அவசரம் அவசரமாகத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றைத் திறந்தனர். 1947இல் ஆஸ்டின் மன்றத்துக்கு வந்து ஸ்வெட்டுக்காக வாதாடியவர் இதே மார்ஷல்! அங்கே தோற்றார், விடவில்லை. 1950இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். பல்கலைக் கழகத்தின் கதவு திறந்தது.

அந்த ஆஸ்டினின் கதவை ஒருமுறை திறந்தவர், 1968 ஜூன் 17ஆம் நாள், அதே நகரத்தின் காலணி துடைப்பவனுக்கு முன்னே மற்றொரு கதவைச் சாத்தினார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பவல் தோற்றான்.

மார்ஷலின் வாதத்தை மறைத்துவிட்டு அவரைப் பழிப்பது பகுத்தறிவு ஆகாது. அவர் சொன்னார்: குடிநோய் என்றால் என்ன என்பதிலே மருத்துவரிடையே ஒத்த கருத்தில்லை. பவல் தண்டிக்கப்பட்டது நோயாளியாய் இருந்ததற்காக அல்ல. குடித்த நிலையில் பொது இடத்துக்கு வந்ததற்காக. சிறை வேண்டாம், மருத்துவமனை போதும் என்கிறீர்கள். அத்தனை மருத்துவமனைகள் எங்கே? சிறைக்காவது காலவரையறை உண்டு. ‘சிகிச்சை’ என்ற பெயரால் காலவரையறையின்றி அடைத்து வைத்தால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வியிலே உண்மை இருக்கிறது. கருணையின் பெயரால் கட்டப்படும் சுவரும் சுவர்தான். ஆனால் மருத்துவமனை இல்லை என்பது அரசின் குறை. அரசின் குறைக்குக் காலணி துடைப்பவன் ஏன் சிறை செல்ல வேண்டும்? தன்னால் மாற்றிக்கொள்ள இயலாத நிலைக்காக ஒருவனைத் தண்டிக்கலாகாது என்று மறுப்புரை எழுதினார் நீதிபதி ஃபோர்ட்டஸ். அவருடன் மூவர் நின்றனர். ஒரே ஒரு வாக்கு குறைந்தது.

வீடு உள்ளவனின் போதை

அந்த ஒரு வாக்கு நீதிபதி ஒயிட்டுடையது. அவர் தனியுரை எழுதினார். வீடில்லாதவன், குடிநோயால் பீடிக்கப்பட்டவன், தெருவைத் தவிர வேறு போக்கிடம் அற்றவன் - அப்படிப்பட்டவன் வந்து வாதாடினால் அது வேறு வழக்கு. ஆனால் பவலுக்கு வீடு உண்டு, அன்றிரவு அவன் தெருவுக்கு வந்தே தீரவேண்டிய நிலை இருந்ததாகச் சான்று இல்லை என்பது அவர் கருத்து.

தோல்வியுரைதான், ஆனால் சட்டத்தின் உள்ளிருப்பதை அது வெளிச்சமிட்டுக் காட்டிவிட்டது. அன்றைய டெக்சாஸ் விதிப்படி பொது இடத்திலோ, தன் வீடல்லாத பிறர் வீட்டிலோ மயக்க நிலையில் காணப்படுவது குற்றம். தன் வீட்டில் எவ்வளவு குடித்தாலும் குற்றமில்லை! அப்படியானால் சட்டம் அளப்பது போதையை அல்ல, சுவரை. மாளிகைக்காரனின் மயக்கத்தை மதில் மறைக்கிறது. விடுதி மாணவனின் மயக்கத்தை விடுதிக் கதவு மறைக்கிறது. நடைபாதைதான் வீடு என்பவனுக்கு எது மறைப்பு? அவன் மயக்கம் மட்டுமே ‘பொது’ மயக்கம்!

இந்தக் கேள்வி முடிந்துவிடவும் இல்லை. ஒரேகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம், பொது இடங்களில் படுக்கை விரித்துத் தங்குவோர்க்குத் தண்டம் விதித்தது. வீடற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு துணைக்கு அழைத்துக் கொண்ட பழைய வழக்குகளில் முதன்மையானது எது தெரியுமா? பவல் வழக்கு! 1966இல் நடைபாதையில் மயங்கிய ஒருவனின் நிழல், 58 ஆண்டுகளுக்குப் பிறகு, மயங்காமல் உறங்கியவர்கள்மீதும் விழுந்தது.

மூக்கே அளவுகோல்

1974இல் டெக்சாஸ் புதிய குற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. தனக்கோ பிறர்க்கோ ஆபத்து விளையக்கூடிய அளவு மயங்கியிருந்தால்தான் குற்றம் என்று விதி திருத்தம் பெற்றது. முன்னேற்றந்தான். ஆனால் ஆபத்து விளையுமா என்று முடிவு செய்பவர் யார்? மீண்டும் தெருமுனைக் காவலரே! இரத்தச் சோதனை தேவையில்லை. மூச்சுச் சோதனையும் தேவையில்லை. அவர் கண் பார்த்த தள்ளாட்டம், காது கேட்ட குழறல், மூக்கு உணர்ந்த நாற்றம் - இவையே சான்று.

குற்றத்துக்குத் தண்டனை 500 டாலர் வரை தண்டம், சிறை இல்லை. ஆனால் கைது உண்டு! தண்டனையிலே சிறை இல்லாதபோது, விசாரணைக்கு முன்பே கொட்டடி எப்படி? இதற்கும் ஆஸ்டினை அடுத்த சிற்றூரே விடை தந்தது. லேகோ விஸ்டா என்னுமிடத்தில் 1997இல், காரிலே இருக்கைப் பட்டை அணியாத தாய் ஒருவரை, பிள்ளைகள் உடனிருக்கக் காவலர் விலங்கிட்டுக் கொண்டு சென்றார். அக்குற்றத்துக்கு மிகுந்த தண்டமே 50 டாலர்தான். 2001இல் உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தக் கைது அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. ஆக, தண்டனை சிறிதானாலும் காவலரின் கை நீளமானதே!

சட்டம் மற்றொரு வழியையும் காவலருக்குக் காட்டியிருக்கிறது. மயங்கியவனைக் கைது செய்வதற்கு மாறாக, அவனைப் பார்த்துக் கொள்ளப் பொறுப்பேற்கும் பெரியவர் எவரிடமேனும் ஒப்படைத்துவிடலாம். நல்ல விதி, மனிதத் தன்மையுள்ள விதி. ஆயினும் யாருக்கு அது பயன்படும்? மாணவனுக்கு அறைத்தோழன் உண்டு. அழைத்தால் ஓடி வருவான். குடும்பத்தை இழந்து தெருவுக்கு வந்தவனுக்குப் பொறுப்பேற்க யார் உளர்? உறவு உள்ளவனை உறவிடம் ஒப்படைக்கும் சட்டம், உறவற்றவனைக் கொட்டடியிடம் ஒப்படைக்கிறது. காவலர் நெஞ்சிலே வஞ்சம் இருக்க வேண்டியதே இல்லை. ஓரவஞ்சனை தானாகவே நடந்துவிடுகிறது.

எகான் பிட்னர் என்ற சமூகவியல் அறிஞர், நாதியற்றோர் வாழும் தெருக்களில் காவலர் பணியாற்றும் முறையை ஆராய்ந்து 1967இல் எழுதினார். அங்கே காவலர், இவன் குற்றம் செய்தானா என்பதை முதன்மையாகக் கருதுவதில்லை. இந்த நேரத்துத் தொல்லை தீர இவனை அப்புறப்படுத்த வேண்டுமா என்பதையே கருதுகின்றனர். சட்டம் அதற்கொரு கருவி - இதுவே அவர் கண்டது. துடைப்பமாகிவிட்ட சட்டத்தைக் கொண்டு மனிதர்கள் பெருக்கித் தள்ளப்பட்டனர்!

பெருக்கித் தள்ளப்பட்டவர் சில வேளை திரும்பி வருவதே இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 2017 டிசம்பரில், ரயிலிலே உறங்கிக் கொண்டிருந்த பழங்குடித் தாய் ஒருவரைக் குடிமயக்கம் என்று காவலர் இறக்கிக் கொட்டடியில் அடைத்தனர். அங்கே விழுந்து தலையில் அடிபட்டார். பதினேழு நாளில் மாண்டார். பொது இடக் குடிமயக்கத்தைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்குங்கள் என்று அந்நாட்டு அரசு ஆணையம் 1991இலேயே சொல்லியிருந்தது. விக்டோரியா அதை நீக்கியது 2023 நவம்பரில். பரிந்துரைக்கும் செயலுக்கும் இடையே 32 ஆண்டுகள். அந்த இடைவெளியிலேதான் அந்தத் தாய் விழுந்தார்.

பிணவறை பிழைப்பிடமான கதை

வழியே இல்லையா? உண்டு. அறிவுடையோர் வழி கண்டு காட்டியும் இருக்கின்றனர். 1966இல் செயின்ட் லூயி நகரக் காவல்துறை, மயங்கியோரைக் கொட்டடிக்கு மாறாக மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்லத் தொடங்கியது. 1967இல் நியூயார்க் நகரின் பவரிப் பகுதியில், சீருடையணியாத காவலரும் குடியிலிருந்து மீண்ட ஒருவரும் இணைந்து தெருவிலே கிடப்போரை அணுகி, வருகிறாயா என்று கேட்டு, இசைந்தவரை அழைத்துச் சென்றனர். கேட்டு அழைத்துச் சென்றனர் என்பதைக் கவனியுங்கள்! 1971இல் உருவான மாதிரிச் சட்டம் ஒன்று, குடித்ததற்காக மட்டும் எவரையும் குற்றவாளியாக்காதீர் என்றது. பல மாநிலங்கள் அதைத் தழுவின.

டெக்சாஸ் குற்றப் பிரிவை நீக்கவில்லை. ஆனால் பவல் வாழ்ந்த ஆஸ்டின், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, வேறொரு கதவைத் திறந்தது. 2018இல் நகரமும் மாவட்டமும் சேர்ந்து மயக்கம் தெளியும் மையம் ஒன்றை நிறுவின. காவலர் மயங்கியவனை அங்கே கொண்டுவந்து விடலாம், வழக்கில்லை, தண்டமில்லை. தெளியும்வரை பயிற்சி பெற்றோர் பார்த்துக் கொள்வர். விரும்புவோர்க்கு மேற்சிகிச்சைக்கு வழி சொல்வர். அந்த மையம் அமைந்த கட்டடம் முன்பு எதுவாக இருந்தது? பிணங்களை அறுத்து ஆய்ந்த மாவட்ட அலுவலகம்! செத்தவர் எப்படிச் செத்தார் என்று ஆராய்ந்த இடத்திலே, இருப்பவர் சாகாமல் இருக்கக் காவல் நடக்கிறது.

மாணவர்க்கென அம்மாநிலம் முன்னதாகவே ஒரு நல்விதி செய்திருக்கிறது. 21 வயது நிரம்பாதோர் குடிப்பது அங்கே குற்றம். ஆயினும் தோழன் மிகுதியாகக் குடித்து உயிருக்குப் போராடும்போது, தண்டனைக்கு அஞ்சாமல் மருத்துவ உதவிக்கு அழைக்கும் இளைஞனைத் தண்டிப்பதில்லை என்று 2011இல் சட்டம் செய்தனர். வரவேற்கிறோம். இளைஞனின் உயிர், விதியைவிடப் பெரிது என்று உணர்ந்த சட்டமன்றம், காலணி துடைப்பவனின் உயிரும் அவ்வாறே என்று உணர எத்தனை காலம் ஆகும்?

நம் கையிலும் உண்டு

கப்பலேறிய சட்ட மரபு அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் 1860இல் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டத்தின் 510ஆம் பிரிவிலும் அது இருந்தது: மயங்கிய நிலையில் பொது இடத்தில் தோன்றிப் பிறர்க்குத் தொல்லை தருவோர்க்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் தண்டம் 1000 ரூபாய் வரை ஆயிற்று. சமூகத் தொண்டு என்ற புது வழியும் சேர்ந்தது. நல்லது. ஆனால் எது தொல்லை? யாருடைய பாட்டு தொல்லை, யாருடைய பாட்டு கொண்டாட்டம்? முதல் தீர்ப்பு இங்கும் தெருமுனையிலேதான்.

காவலரை மட்டும் குறை கூறிவிட்டு எழுதுகோலை வைக்க என் மனம் இடந்தரவில்லை. பள்ளியிலே பாடம் சொல்பவன் நான். விருப்புரிமை என் கையிலும் உண்டு. ஒருநாள் இரு சிறுவர்கள் காலம் கடந்து வந்தனர். ஒருவன் காரிலே வந்து இறங்கியவன், “ஏன் தம்பி, உடல்நலம் இல்லையா?” என்று கேட்டேன். மற்றவன் நடந்து வந்தவன். “வெளியே நில்” என்றேன். பகலுணவு வேளையில்தான், நின்றவன் தாய்க்குக் காய்ச்சல் என்பதும், தங்கைக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு நாலு கல் நடந்து வந்தான் என்பதும் தெரிந்தது. நான் அவன்மீது வெறுப்புக் கொண்டவன் அல்லன். சமத்துவம் பேசுபவன், எழுதுபவன். ஆனால் என் நாக்கு, என் நெஞ்சைக் கேட்காமலே ஆளைப் பார்த்துப் பேசிவிட்டது. அன்று முதல் காலம் கடந்து வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். விடையைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். குறிப்பேடு என்னைக் காவல் காக்கிறது.

விருப்புரிமையே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. அதை ஒழித்தால் நூறு பேரும் கொட்டடிக்குத்தான் போவர். இரக்கத்துக்கும் அதுவே வாசல். ஆனால் அந்த வாசலுக்குக் கணக்கு வேண்டும். யாரைப் பிடித்தீர், யாரை விட்டீர், ஏன் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதியதைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும். கொட்டடிக்கு மாற்றாக ஓர் இடம் வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாதவனுக்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும். இவை மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நூறு முறை கைது செய்த செலவைக் காட்டிலும், ஒரு முறை குணப்படுத்தும் செலவு கூடுதலாகவா இருந்துவிடும்?

இளைஞர்களே, இன்றிரவும் எங்கோ ஒரு கல்லூரி நகரத்தில் மதுக்கடைக் கதவு திறக்கும். இருவர் வெளியே வருவர். காவலர் ஒருவர் எதிரே வருவார். அந்த இருவரையும் ஒரே பார்வையால் பார்க்க அவர் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு முன்னே, நாம் கற்றுக்கொள்வோம்.